கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு கட்டில்

கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு என்னைப் போல ஆள் கொண்டுபோய்ச் சேர்த்தவன் இன்னும் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. கண்டியில் எந்த வேன்காரனைக் கேட்டாலும் சொல்வான். சொல்லாதவன் என் மேல் பொறாமை உள்ளவன்.

விமானிகளைப் பற்றி எழுது என்று நம் வேன் சாரதிகள் சங்க மலர்க்காரர்கள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ரிசேர்வ் கடமையில் இருக்கும் விமானிகள் எல்லாரும் இனிமேல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பு ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று ஒரு விமானக் கம்பெனி புதுச் சட்டம் போட்டுவிட்டது. கண்டி விமானிகளை ஏற்றி இறக்கிய நம் பெடியன்களுக்கு ஓட்டம் குறைந்துவிட்டது. "முதலாளி, உங்க காலத்துல கண்டியில இருந்துகிட்டே எப்படித்தான் சமாளிச்சாங்க?" என்று வேனில் சாய்ந்துகொண்டு கேட்கிறார்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் அவனவனுக்குப் போன் வந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை என் மகள் திருத்துவாள். பெருமையில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் பிறந்தது கலஹா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் மழைக்காலங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். திகனயில் ஒரு ஹாஜியாரின் மரக்கறி லொறியில் கிளீனராக ஏறினேன், அதே லொறியிலிருந்து சாரதியாக இறங்கினேன். பிறகு ஒரு பழைய வேன். பிறகு இன்னொன்று. இன்றைக்கு ஐந்து வேன்கள் முன் கண்ணாடியில் 'மாரிமுத்து' என்று எழுதிக்கொண்டு ஓடுகின்றன. எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான். எதிரே வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

இனி கப்டனுக்கு வருகிறேன்.

கப்டன் குகதாசன் யாழ்ப்பாணத்து ஆள். அவர் மனைவி கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் பாதி நாள் கண்டி ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அவர்களுடைய வீடு கண்டியில், அவருடைய விமானம் கட்டுநாயக்காவில், நடுவில் நான்.

ரிசேர்வ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு விமானிக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது. பதிலுக்கு ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைக்குப் பறப்பும் இல்லை, லீவும் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். கப்டன் மூத்தவர்தான். ஆனால் புதிய ரக விமானத்துக்கு மாறியதால் அந்தப் பட்டியலில் கடைசி ஆளாகிவிட்டார். கடைசி ஆள் தலையில்தான் ரிசேர்வ் விழும்.

கண்டியிலிருந்து மூன்று மணி நேரம் போதுமா என்று கேட்டால், ஒழுங்கான நாளில் போதும். ஒழுங்கான நாள் எத்தனை வருகிறது? கப்டன் இரண்டு தடவை பிந்திவிட்டார். ஒரு தடவை பெரஹரா ஊர்வலத்துக்கு ரோட்டை மூடியிருந்தார்கள். மற்றத் தடவை கண்டிக்குக் கீழே கடுகண்ணாவை என்ற மலை ஏற்றத்தில் ஒரு கொள்கலன் லொறி குறுக்கே நின்றுவிட்டது. இரண்டும் என் வேனில் இல்லை என்பதை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். அவருடைய கம்பெனிக்கு வளைகுடாவில் இன்னொரு பேஸ், அதாவது விமானிகள் இருந்து புறப்படும் தளம், இருந்தது. அங்கே விமானிகள் போதாது. "இன்னொரு தடவை பிந்தினால் உன்னுடைய பேஸை அங்கே மாற்றிவிடுவேன்" என்று அவருக்கு மேலே இருந்த பெரிய கப்டன் சொல்லிவிட்டார். கப்டன் அங்கே போனால் டீச்சர் இங்கே தனி. டீச்சரையும் அழைத்துப் போக ஆஸ்பத்திரி விடாது.

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். நேரே என்னிடம் வந்திருந்தால் அந்த இரண்டும் நடந்திருக்காது.

நான் யோசித்தேன். கண்டியிலிருந்து கீழே போகிற பாதையில் எங்கே மாட்டுகிறோம்? கண்டி டவுனிலும் கடுகண்ணாவை இறக்கத்திலும்தான். மாவனெல்லையைத் தொட்டுவிட்டால் பிறகு ஓட்டம் நம் கையில். என் மச்சான், அதாவது தங்கச்சி புருஷன், செல்லையாவின் வீடு மாவனெல்லையில், ரோட்டோரத்திலேயே இருந்தது. "சேர், ரிசேர்வ் நாள்ல நீங்க கண்டியில இருக்க வேணாம். காலையிலேயே எறங்கிருவோம். கடுகண்ணாவைக்குக் கீழ ஒங்களுக்கு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

கப்டன் தலையை ஆட்டினார். "நீர்கொழும்பில போய்க் கிடந்தா டீச்சரிட்ட வர அரை நாள் செல்லும். இது நல்ல யோசினை, அண்ணை" என்றார். இவ்வளவு படித்த கம்பெனிக்கு இந்த யோசனை வரவில்லை. எனக்கு வந்தது.

அந்தக் கட்டிலுக்கு என்று சில ஒழுங்குகள் செய்தேன். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. வேனின் மூக்கு எப்போதும் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். சீருடையை இரும்புக் கம்பியில் மாட்டி வேனுக்குள்ளேயே தொங்கவிட்டோம். போனை எவர்சில்வர் தட்டில் வைத்தோம். அடித்தால் தட்டும் சேர்ந்து அதிரும், பிணமும் எழும்பும். அவர் படுத்திருக்கும்போது மிளகாய் வறுக்கக் கூடாது என்று என் தங்கச்சிக்குக் கட்டளை. "ஒங்க கப்டன் தூங்குறதுக்காக நாங்க ஒறைப்பே திங்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டாள். கூடாதுதான் என்றேன். பக்கத்து வீட்டுச் சேவலையும் பேசி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

கப்டனின் குணத்தைச் சொல்ல வேண்டும். ஏறியதும் பெல்ட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "சரி, அண்ணை" என்பார். அதற்கு முன் வேனை நகர்த்தக் கூடாது. கடுகண்ணாவை இறக்கத்தில் பேச்சே கிடையாது, ரேடியோவும் கிடையாது. மற்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் "கொஞ்சம் வேகமா போங்க" என்பார்கள். இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "கெதி வேண்டாம். சீராப் போனாக் காணும்" என்பார். வளைவில் நான் ஒரு பஸ்ஸை முந்தினால் ஏச மாட்டார். வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்ப்பார். நான் மறுபடி ஒழுங்காக ஓட்டும்வரை திறக்க மாட்டார். ஹாஜியார் செருப்பைக் கழற்றிக்கொண்டு அடிக்க வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை.

இப்படியே ஓடியது. கட்டிலில் படுத்தார், தட்டு அதிர்ந்தது, கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு பிசகும் இல்லை. அந்த மழை நாள் வரைக்கும்.

அன்று காலையிலேயே இறங்கிக் கட்டிலில் படுத்திருந்தார். முதல் நாள் இரவு டீச்சருக்குச் சுகமில்லாமல் தான் கண் மூடவில்லை என்று வரும்போதே சொன்னார். படுத்துக் கண் அயருமுன் தட்டு அதிர்ந்தது. கம்பெனி இல்லை, ஆஸ்பத்திரி. இரத்தம் சுத்தம் செய்யும்போது டீச்சருக்குப் பிரஷர் இறங்கிவிட்டதாம். உடனே வரச் சொன்னார்கள்.

ரிசேர்வில் இருக்கிற ஆள் மலைக்கு மேலே போகக் கூடாது. அதுதான் எங்கள் கட்டிலின் முதல் சட்டம். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு எவன் சட்டம் பேசுவான்? ஏற்றிக்கொண்டு மேலே போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் கண் விழித்திருந்தார். கப்டனைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இண்டைக்கு உங்களுக்கு ரிசேர்வ் எல்லே? இஞ்ச என்ன செய்யிறியள்?"

"சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு."

"சும்மா வந்து பாக்கிற இடமே இது? மாரிமுத்து அண்ணை, இவரைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை."

அப்போதும் அவர் போகவில்லை. மத்தியானம் தாண்டி, டீச்சரின் பிரஷர் நிலைக்கு வந்த பிறகுதான் கப்டன் கட்டிலருகிலிருந்து எழுந்தார். வெளியே மழை ஊற்றியது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது. இந்தத் தடவை கம்பெனி.

அவர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "அண்ணை, ஏலுமோ?"

என்னிடம் அப்படிக் கேட்கக் கூடாது. மாரிமுத்துவிடம் ஏலுமா என்று கேட்டால் ஏலும் என்ற பதில்தான் வரும். வந்தது. "வாறன்" என்று அவர் போனில் சொன்னார்.

பிலிமத்தலாவையிலேயே வாகனங்கள் வரிசையாக நின்றன. கடுகண்ணாவை டவுனுக்குக் கீழே மூங்கில் புதரோடு மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது என்றார்கள். திரும்பிக் குருநாகல் பக்கமாகச் சுற்றலாம். ஆனால் எல்லாரும் அங்கேதான் திரும்பியிருந்தார்கள். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டுவதற்குள் அவருடைய மூன்று மணி நேரமும் கரைந்துவிடும்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "மச்சான், ஒன் வேன எடுத்துகிட்டு மண்ணு விழுந்த எடத்துக்குக் கீழ வந்து நில்லு. மூக்கு கொழும்பு பக்கம் பாத்து நிக்கணும்."

"என் வேனா? அது குதிக்குமே மச்சான்."

"பறந்தாலும் பரவால்ல, வா."

ஒரு கடைக்குப் பின்னால் கிடந்த குறுக்கு ரோட்டில் புகுந்து, முடிந்தவரை முன்னுக்குப் போய், வேனைத் தெரிந்த ஒருவர் வாசலில் விட்டேன். சரிவின் ஓரமாக நடந்து போகிறவர்களைப் பொலிஸ் சிறுசிறு கூட்டமாக விட்டுக்கொண்டிருந்தது. வேனுக்குள்ளேயே சீருடை மாற்றியிருந்த கப்டன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். அவருடைய தொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி என் மடியில் செருகினேன். பெட்டி என் தலையில். சேற்றில் நின்ற ஒரு சிங்களப் பெரியவர் அவருடைய தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "பிளேன் ஓட்டுற மாத்தயாவும் இன்னைக்கு நம்மள மாதிரி நடந்துதான்" என்று சிரித்தார். கப்டனும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கீழே மச்சான் சொன்னபடி நின்றான். ஸ்டியரிங்கை நான் வாங்கினேன். கேகாலை, வரக்காப்பொல, நிட்டம்புவ. அந்த ஓட்டத்தை இன்னொருவன் ஓடட்டும் பார்ப்போம். குறித்த நேரத்துக்கு முன்னால் வாசலில் நிறுத்தினேன். என் துவாயால் அவர் சப்பாத்தைத் துடைத்துக் கொடுத்தேன். உள்ளே போனார்.

நான் பால் போடாத பிளேன்டீ ஒன்று வாங்கிக்கொண்டு அங்கே நின்ற சாரதிகளுக்குக் கதையைச் சொன்னேன். கேட்டவர்களுக்கே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தபோது கப்டன் பெட்டியோடு வெளியே வந்தார்.

"என்னாங்க சேர், பிளைட் கேன்சலா?"

"இல்லை. வேற ஆளைக் கூப்பிடுகினம். எனக்கு இண்டைக்குப் பறக்கேலாது எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஏலாதா? சேத்துல நடந்து, பொட்டிய தலையில சொமந்து, நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துருக்கேன். இப்ப வந்து ஏலாதுங்கிறீங்களே!"

"நீங்கள் சேர்த்தது சரி, அண்ணை. உங்கட வேலையில பிழை இல்லை. காலநிலை அறிக்கையை எடுத்து வாசிச்சன். திருப்பியும் வாசிச்சன். ஒரு வரி மண்டைக்குள்ள நிக்கேல்லை. எனக்குப் பின்னால ஒரு பிளேன் சனம் இருக்கப் போகுது."

"அப்போ அந்த வளைகுடா விசயம்?"

"அனுப்புவினம்."

"டீச்சரு?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் பெரிய கப்டன் வெளியே வந்தார். அவர் சிங்களவர். சத்தம் போடாத மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார் என்று கப்டன் சொல்லியிருக்கிறார். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பவும் மாட்டாராம். வரும்போதே கண்ணாடி கையில் இருந்தது. கப்டனைப் பார்க்கவில்லை. வேனைச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீதான் கூட்டி வந்தாயா? பயணம் எப்படி?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? வாய் தானாகப் பேசியது. "என் வேனில் வந்தால் வீட்டுக் கட்டில் மாதிரி, சேர். ஒரு குலுக்கம் இல்லை. தொட்டில் பிள்ளை மாதிரிக் கொண்டுவந்தேன்."

"அப்படியென்றால் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்திருப்பார்."

"ஆமாம் சேர்" என்றேன்.

"நன்றாகத் தூங்கி வந்த விமானி களைப்பு என்கிறார்" என்று பெரிய கப்டன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் கப்டனைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. மேலே மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வளைவில் நான் பஸ்ஸை முந்தும்போது வெளியே பார்ப்பாரே, அதே பார்வை.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் எதுவென்று கேட்டால், அந்த மழையில் வந்து சேர்ந்ததை எல்லாரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அடுத்து நான் வாய் திறந்ததைத்தான் சொல்வேன்.

"சேர், நான் சொன்னது பொய். இந்த வேன் குதிரை மாதிரிக் குதிக்கும். ஸ்பிரிங் போய்விட்டது. பின் சீட்டில் நாய் கூடப் படுக்காது. அவர் ஒரு சொட்டும் தூங்கவில்லை. நேற்று இரவும் தூங்கவில்லை. மனைவிக்குச் சுகமில்லை. கடுகண்ணாவையில் சேற்றில் நடந்து வந்தார். காற்சட்டையைப் பாருங்கள்."

கட்டுநாயக்காவில், பத்து சாரதிகள் கேட்டுக்கொண்டு நிற்க, மாரிமுத்து தன் ஓட்டத்தைப் பற்றித் தானே அப்படிச் சொன்னான். ஒருவன் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பெரிய கப்டன் காற்சட்டை விளிம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு" என்றார்.

வாகனத் தரிப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவர் தலை கூரையில் இடித்த சத்தம் கேட்டது. கண்ணாடி மூக்கைவிட்டுப் பறந்துவிட்டது. இறங்கி, அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கப்டனிடம் போனார்.

"போனிலேயே சொல்லியிருக்க வேண்டும்."

"ஆம். சொல்லியிருக்க வேண்டும்" என்றார் கப்டன்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் எச்சரித்த அந்த மூன்றாவது தடவை இதுவாகிவிடும் என்று பயந்தேன்."

பெரிய கப்டன் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு, "நேரத்துக்கு வந்தாய். அதனால் இது பிந்தியதாகாது. வானத்தில் ஏறிய பிறகு சொல்லாமல் தரையிலேயே நின்று சொன்னாய், அதுவும் நல்லது. மனைவி தேறும்வரை உனக்கு ரிசேர்வ் வேண்டாம். முன்கூட்டியே குறித்த பறப்புகள் மட்டும் தருகிறேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "அந்த ஸ்பிரிங்கை மாற்று" என்றார்.

மாற்றவில்லை. அந்த வேனையே விற்று மச்சானுக்கு வேறு எடுத்துக் கொடுத்தேன். கப்டன் கதையைக் கேட்டு மற்றக் கண்டி விமானிகளும் வந்தார்கள். ஒரு கட்டில் மூன்று கட்டிலானது. தங்கச்சி மிளகாய் வறுப்பதற்கு வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு குசினி கட்டிக் கொடுத்தேன். டீச்சருக்கு அவருடைய தம்பி ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அவர் மறுபடி பள்ளிக்கூடம் போனார். கப்டனின் பேஸ் கடைசிவரை கட்டுநாயக்காதான், வீடு கண்டிதான். இப்போது இரண்டு பேரும் ஓய்வு. பின்னேரத்தில் வாவியைச் சுற்றி நடக்கிறார்கள். என்னைக் கண்டால் டீச்சர் நின்று என் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதியை விசாரித்து ஏசாமல் போக மாட்டார்.

போன மாதம் அவர்கள் மெல்பேர்னில் இருக்கும் மகனிடம் புறப்பட்டார்கள். நான் வேன் ஓட்டுவதை விட்டுக் கன காலம். ஆனாலும், "ஒங்கள நான்தான் கொண்டு போவேன், வேற எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் இரவு முழங்கால் வலி, விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு புது வேனடிக்குப் போனேன். கதவைத் திறந்தேன். டேஷ்போர்டில் இருந்ததை வாசித்தேன், எதை வாசித்தேன் என்று தெரியவில்லை. சாவியைப் பையில் போட்டேன். பிறகு போனை எடுத்தேன்.

"சேர், எனக்கு இன்னைக்கு ஓட்ட ஏலாதுங்க."

 "ஓம், அண்ணை. நல்லது. ஆரை விடுறியள்?" என்றார். பின்னால் டீச்சரின் குரல் கேட்டது: "ஆர், மாரிமுத்து அண்ணையோ? ஏலாதாமோ? இந்தச் சொல்லு அவரிட்டையும் இருக்கோ?"

செல்லையாவின் மகன் ஓட்டினான். வழியனுப்ப நானும் பின் சீட்டில் ஏறினேன். என் வேனில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டைப் போட்டு இழுத்துப் பார்த்து, கப்டன் "சரி" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பேராதனைப் பாலம் வந்ததா, கடுகண்ணாவை எப்போது இறங்கினோம், ஒன்றும் தெரியாது.

"மாரிமுத்து அண்ணை, எழும்புங்கோ. கட்டுநாயக்கா வந்திட்டுது" என்று டீச்சர் தோளைத் தட்டினார்.

ஆக, என் வேன் தொட்டில்தான். அன்றைக்குப் பெரிய கப்டன் ஏறியது மச்சானுடைய வேன்.